மகளை அந்த வட்டத்தில் உட்கார வைக்கலாமா?

வாசகி கேள்வி: நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். திருமணமாகிப் பல ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் வாழ்கிறேன். என் கணவர் யூதர். அவருடைய கொள்ளுத்தாத்தா போலந்திலிருந்து வந்தவர். நான் மதம் மாறவில்லை. பிள்ளைகள் இருவரும் சீர்திருத்தப் பிரிவைச் சேர்ந்த ஜெப ஆலயத்தில் யூதர்களாகவே வளர்கிறார்கள். மகனுக்கு அப்பாவின் சாயல். 16 வயது மகளுக்கு என் நிறம், என் கூந்தல். சென்ற யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா அன்று ஆலய வாசலில் நின்ற தன்னார்வலர், முன்னால் போன என் கணவரையும் மகனையும் வாழ்த்தி உள்ளே அனுப்பினார். பின்னால் வந்த மகளை மட்டும் நிறுத்தி, "நீ யாருடன் வந்திருக்கிறாய்?" என்று கேட்டார். யூதப் பெண் வயதுக்கு வருவதைக் குறிக்கும் பாத் மிட்ஸ்வா சடங்கை அவள் செய்துகொண்ட ஆலயம் அது.

இப்போது அங்கே யூத அடையாளம், நிறம், சமூக நீதி ஆகியவை பற்றிச் சிறு குழு உரையாடல் தொடங்கப்போகிறார்கள். குழுவுக்குப் பத்துப் பேர், ஆறு வாரம். நானும் மகளும் கட்டாயம் வர வேண்டும் என்கிறார் ஆலய மதகுருவான ரபி. "உங்கள் அனுபவம் எங்களுக்குப் பெரிய பாடம்" என்றும் சொன்னார். கணவருக்கோ கோபம். "நம் வீட்டில் யாரும் நிறம் பார்ப்பதில்லை. என் பாட்டியின் உறவினர்களை ஹிட்லர் கொன்றான். எங்களை வெள்ளையர் என்று சொல்லிக் கூண்டில் ஏற்ற ஒரு கூட்டமா?" என்கிறார். எனக்கு இந்த இனப் பிரச்சினையெல்லாம் புதிது. எங்கள் வீட்டில் சாதிகூடப் பார்த்ததில்லை. நான் போகலாமா? மகளை அனுப்பலாமா? காஸாவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் போகலாம் என்பது என் கருத்து. ஆனால் சில விஷயங்களை ரபியிடம் கேட்டுத் தெளிந்த பிறகு போங்கள். மகள் விஷயத்தில் முடிவு அவளுடையது. உங்களுடையதும் இல்லை, ரபியுடையதும் இல்லை. அவள் வர விரும்பினாலும் நீங்கள் இருவரும் ஒரே வட்டத்தில் உட்கார வேண்டாம். அம்மா அழுதுவிடுவாளோ என்ற பயத்தில் பாதியை விழுங்கும் பிள்ளைகளையும், மகள் முகம் வாடுமே என்று உண்மையை மழுப்பும் தாய்மார்களையும் இந்தப் பணியில் நான் நிறையப் பார்க்கிறேன்.

இத்தகைய குழுக்களை நெறிப்படுத்துவது என் தொழில் என்பதால், இவை எப்படி இயங்குகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது முறையான பயிற்சியாக வளர்ந்ததில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே 1988இல் இதற்கென ஒரு தனித் திட்டமே தொடங்கினார்கள். அந்த முறையில் இரண்டு தரப்பையும் சேர்ந்தவர்கள் கூடுமானவரை சம எண்ணிக்கையில் இருப்பார்கள். நெறியாளர்கள் இருவர், தரப்புக்கு ஒருவர். முதலில் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் கட்டம், அடுத்து வேறுபாடுகளையும் அவை எங்கிருந்து வந்தன என்பதையும் பேசும் கட்டம், பிறகுதான் சூடான விஷயங்கள், கடைசியில் சேர்ந்து என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வி. பட்டிமன்றத்தைப் போல இதில் அணியும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஒவ்வொருவரும் தன் வாழ்வில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிறர் சொன்னதை வெளியே கொண்டுபோகக் கூடாது. பேச விருப்பமில்லை என்றால் "இன்று வேண்டாம்" என்று சொல்லி முறையை அடுத்தவருக்கு விட்டுவிடலாம்.

இதில் "சம எண்ணிக்கை" என்பதை வெறும் சம்பிரதாயமாக நினைத்துவிடாதீர்கள். ஒன்பது பேர் ஒரு மாதிரியும் ஒருவர் மட்டும் வேறு மாதிரியும் உட்கார்ந்தால், உரையாடல் கால் மணி நேரத்தில் பேட்டியாக மாறிவிடும். பியூ ஆய்வு மையம் 2020இல் நடத்திய கணக்கெடுப்பின்படி அமெரிக்க யூதர்களில் 92 சதவீதம் பேர் தங்களை வெள்ளையர் என்றே குறிப்பிடுகிறார்கள். அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: 17 சதவீதம் யூதர்களின் வீட்டில் கறுப்பினத்தவராகவோ, ஆசியராகவோ, ஹிஸ்பானியராகவோ, கலப்பினத்தவராகவோ ஒருவராவது இருக்கிறார். ஆக, போகிற போக்கில் பத்துப் பேரைச் சேர்த்தால் உங்கள் மகள் தனியாக மாட்டிக்கொள்வாள். தேடிச் சேர்த்தால் அவளைப் போன்றவர்கள் அந்த ஆலயத்திலும் அக்கம்பக்கத்து ஆலயங்களிலும் கிடைப்பார்கள். அவர்களைத் தேடும் வேலை ரபியுடையது. "எங்கள் குழுவில் எங்களைத் தவிர வெள்ளையர் அல்லாதவர் எத்தனை பேர்? நெறியாளர்கள் யார் யார்?" என்று கேளுங்கள். பதில் "நீங்கள் மட்டும்தான்", "நானே நடத்துகிறேன்" என்று வந்தால், இன்னும் ஏற்பாடு முடியவில்லை என்று பொருள். அதுவரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

ரபி "பாடம்" என்று சொன்னதை நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்த எண்ணத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். வாசலில் அவமானப்பட்ட 16 வயதுப் பெண், அந்த அவமானத்தைப் பெரியவர்கள் கற்றுக்கொள்வதற்காகத் திரும்பத் திரும்ப எடுத்து வைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. மற்றவர்கள் கண்கலங்கி, மனம் இளகி, நிறைவோடு வீடு திரும்புவார்கள். அவள் மட்டும் மறுநாள் பள்ளியில் கணக்குத் தேர்வை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் போவதென்றால் தன் கேள்விகளோடு போகட்டும். அங்கே உட்காரும் மற்றவர்களிடம் அவள் கேட்பதற்கு எத்தனையோ இருக்கும்: அந்த வாசலில் உங்களை யாராவது நிறுத்தியிருக்கிறார்களா? என்னை நிறுத்தியபோது பின்னால் நின்றுகொண்டிருந்தவர்களில் நீங்களும் உண்டா?

அவளுக்கு இன்னொரு நெருக்கடியும் வரும். உங்களுக்கு அது தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். நிறத்தைப் பற்றித் தொடங்கும் பேச்சு, "உன் அம்மா யூதரா?" என்ற இடத்துக்கு வந்து நிற்கும். தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர் என்பது பழைய மரபு. ஆர்த்தடாக்ஸ் பிரிவினரும் கன்சர்வேடிவ் பிரிவினரும் இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். சீர்திருத்தப் பிரிவின் ரபிகள் 1983இல் இதை மாற்றினார்கள்: தாயோ தந்தையோ ஒருவர் யூதராக இருந்து, பிள்ளையும் யூத வாழ்வோடு வளர்ந்தால் போதும். ஆகவே அவளுடைய ஆலயத்தில் அவள் யூதர் என்பதில் விவாதத்துக்கு இடமே இல்லை. அந்தக் கேள்வி குழுவுக்குள் எழுந்தால் நெறியாளர் அங்கேயே அதை நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே ரபியிடம் சொல்லி வையுங்கள். அவருடைய மரபிலேயே அதற்கு ஆதாரம் உண்டு. மதம் மாறியவர்களின் பிள்ளையிடம் "உன் முன்னோர் செய்ததை நினைத்துப் பார்" என்று சொல்லக் கூடாது என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு விதிக்கிறது. சொல்லால் ஒருவரைப் புண்படுத்துவதை விலக்கும் பகுதியில் அது வருகிறது. "எகிப்து தேசத்தில் நீங்களும் அந்நியராயிருந்தீர்கள்" என்ற யாத்திராகம வசனத்தைத்தான் அதற்குக் காரணமாகக் காட்டுகிறது. அந்நியரைப் பற்றிய எச்சரிக்கை யூத வேதமான தோராவில் 36 இடங்களில் வருவதாக, மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூத் கணக்குச் சொல்கிறது. உங்கள் மகள் மதம் மாறியவளும் இல்லை, அந்நியளும் இல்லை. ஆனால் அந்த விதியின் நோக்கம் ரபிக்கு நம் இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

இனி உங்கள் கணவர். அவர் கோபத்தை நீங்கள் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டீர்களோ என்று எனக்குக் கவலை. அதில் பாதிக்கு மேல் பயம் இருக்கிறது. 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரின் ட்ரீ ஆஃப் லைஃப் ஆலயத்தில் ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றான். அகதிகளுக்கு உதவும் யூத அமைப்பின் மீது அவன் வெறுப்பைக் கக்கியிருந்தான். வெளிநாட்டவரை யூதர்கள்தான் உள்ளே அழைத்து வருகிறார்கள் என்பது அவன் எண்ணம். அவன் கண்ணில் உங்கள் கணவர் வெள்ளையரே இல்லை. அப்படிப்பட்ட உலகில் ஆலயத்துக்குள்ளேயே "நீ வெள்ளையன், நீ சலுகை அனுபவித்தவன்" என்று தொடங்கினால், கொல்லப்பட்ட உறவினர்களை மறக்கச் சொல்வது போல அவருக்கு வலிக்கும்.

ஆனால் மறுபாதியையும் அவர் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் யூதர்கள் நின்ற இடம் ஒரு நூற்றாண்டுக்குள் நிறைய மாறியது. 1924இன் குடியேற்றச் சட்டம் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வரவைச் சிறு ஒதுக்கீட்டுக்குள் சுருக்கியது. ஆசியர்களுக்குக் கதவையே சாத்தியது. ஹிட்லரிடமிருந்து தப்ப முயன்ற பலருக்கு இங்கே இடம் கிடைக்காமல் போனதற்கு அந்த ஒதுக்கீடும் ஒரு காரணம். அந்தச் சட்டத்துக்கு முந்தைய ஆண்டுதான், பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1924 சட்டத்தை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் இமானுவேல் செல்லர், புருக்லினைச் சேர்ந்த, அமெரிக்க நாடாளுமன்றத்தின் யூத உறுப்பினர். 1946இல் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் வழியைத் திறந்த சட்டத்திலும், தேசவாரி ஒதுக்கீட்டை ஒழித்த 1965 சட்டத்திலும் அவர் பெயர் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பெண்ணான நீங்கள் நியூ ஜெர்சியில் குடித்தனம் நடத்துவதற்கு அந்த மனிதரின் நாற்பதாண்டுப் பிடிவாதமும் ஒரு காரணம். இதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், பெருமைப்படட்டும். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

அதே மூச்சில் லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பையும் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, திரும்பி வந்த வீரர்களுக்கு வீட்டுக் கடனும் படிப்புச் செலவும் அரசு தந்தது. யூத வீரர்கள் அதைக் கொண்டு புறநகரில் வீடு வாங்க முடிந்தது. கறுப்பின வீரர்களுக்கு வங்கிகளும் உள்ளூர் அலுவலகங்களும் பெரும்பாலும் கையை விரித்தன. புறநகர் வீடுகளைக் கட்டிக் குவித்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் லெவிட் என்ற யூதர். கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை என்பது அவர் நிறுவனத்தின் கொள்கை. உங்கள் மாநிலத்துக்கு அடுத்து, டெலவேர் ஆற்றின் அக்கரையில் அவர் கட்டிய லெவிட்டவுனில், 1957 ஆகஸ்டில் மயர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் வேறொருவரிடமிருந்து வீட்டை வாங்கிக் குடியேறியது. கும்பல் கூடிக் கல்லெறிந்தது. பக்கத்து வீட்டு வெக்ஸ்லர் தம்பதி அவர்களுக்குத் துணையாக நின்றார்கள். அதற்காக மிரட்டலையும் தாங்கினார்கள். அந்தத் தம்பதியும் யூதர்கள்தான். கட்டியவர், பக்கத்து வீட்டுக்காரர் இருவரையுமே உங்கள் கணவர் தன்னுடையவர்களாக ஏற்க முடிந்தால், அந்த உரையாடலில் அவருக்குக் கூண்டு எதுவும் இருக்காது. ஹிட்லரிடம் உறவினரை இழந்ததும் உண்மை, கடன் தரும் வங்கி தன் தாத்தாவை உள்ளே அழைத்ததும் உண்மை. இரண்டையும் ஒரே மனிதர் சொல்வதற்கான இடம்தான் அந்தச் சிறு குழு.

அவரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஆனால் ஒன்றை அவர் தவிர்க்க முடியாது. "நம் வீட்டில் யாரும் நிறம் பார்ப்பதில்லை" என்ற வாக்கியம், வாசலில் நிறுத்தப்பட்ட மகளின் காதில் எப்படி விழுகிறது என்பதை அவர் அவளிடமே கேட்க வேண்டும். நிறத்தைப் பார்க்காதவர்களின் வீட்டில், நிறத்தால் பட்ட காயத்தை அவள் யாரிடம் சொல்வாள்?

இதே இடத்தில் உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, கோபப்பட வேண்டாம். "எங்கள் வீட்டில் சாதிகூடப் பார்த்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் சொன்னதும் நீங்கள் சொன்னதும் ஒரே வாக்கியம். சாதியைப் பார்க்காமல் வாழும் வசதி தஞ்சாவூர்ப் பக்கத்தில் யாருக்கு இருந்தது? கொல்லைப்புறம் வழியாக வந்து வேலை செய்தவர்கள், தனிக் குவளையில் தண்ணீர் குடித்தவர்கள், அப்படி யாரும் உங்கள் குழந்தைப் பருவத்தில் இல்லவே இல்லையா? இருந்தார்கள் என்றால், அதையும் எடுத்துக்கொண்டுதான் நீங்கள் அந்த வட்டத்துக்குள் போகிறீர்கள். சியாட்டில் நகர மன்றம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த பிறகு அமெரிக்கர்கள் பலருக்கு இது தெரிந்த விஷயம். குழுவில் யாராவது கேட்பார்கள். அப்போது "எங்களுக்குத் தெரியாது" என்று நழுவாதீர்கள். நினைவில் இருப்பதை அப்படியே சொல்லுங்கள். நீங்கள் அதைச் சொன்ன பிறகு, உங்கள் கணவரின் கோபம் உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும் என்று நம்புகிறேன்.

யூதர்களுக்குள் நிறவேற்றுமை என்பது அமெரிக்காவில் முளைத்த புதுப் பேச்சு என்று யாராவது சொன்னால், கொச்சியைச் சொல்லுங்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் "வெள்ளை யூதர்"களின் வசம் இருந்தது. பல நூற்றாண்டுகள் முன்பே அங்கே வேரூன்றிய மலபார் யூதர்கள் "கறுப்பு யூதர்" என்று தாழ்த்தப்பட்டார்கள். விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள் பரதேசி ஆலயத்துக்குள் மற்றவர்களோடு சமமாக உட்காரவோ, தோராவை வாசிக்க அழைக்கப்படவோ முடியாதிருந்தது. அந்த வழியில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். சென்னையில் படித்து வழக்கறிஞரானவர். கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். காந்தியின் சத்தியாகிரகத்தை அவர் தன் ஆலயத்துக்குள்ளேயே கொண்டுபோனார். பிள்ளைகளோடு போய், உட்காரக் கூடாது என்ற இடத்தில் உட்கார்ந்தார். தடைகள் ஒரே நாளில் விழவில்லை, ஒன்றொன்றாக விழுந்தன. நம் ஊரிலிருந்து பெரியார் வைக்கம் போய்ச் சிறைப்பட்ட அதே காலகட்டத்து மனிதர் அவர். உங்கள் மகளுக்கு அவரைப் பற்றித் தெரியுமா? யூதராகவும் இந்தியராகவும் இருந்து, தன் ஆலயத்திலேயே தனக்குரிய இடத்தைக் கேட்டு வாங்கிய ஒருவர் அவளுக்கு முன்னால் வாழ்ந்திருக்கிறார் என்பதை அவள் அறிய வேண்டும். குழுவுக்குப் போனாலும் போகாவிட்டாலும் இதை அவளுக்குச் சொல்லுங்கள்.

காஸாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வரும். 2023 அக்டோபர் 7இல் நடந்த ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு எந்த யூதக் கூட்டத்திலும் அது இல்லாமல் இல்லை. பலருக்கு இஸ்ரேலில் உறவினர்கள் உண்டு, பலருக்குக் காஸாவில் கொல்லப்பட்ட குழந்தைகளை நினைத்துத் தூக்கம் இல்லை, இரண்டும் உள்ளவர்களும் உண்டு. அதைப் பேசத் தனி அமர்வு வேண்டும். மூன்றாவது வாரம் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் நுழையக் கூடாது. இதையும் முன்பே கேட்டு வையுங்கள். உங்களிடம் கருத்து இருந்தால் சொல்லுங்கள். ஆனால் "நீ எந்தப் பக்கம்?" என்பது உங்களுக்கோ மகளுக்கோ நுழைவுச்சீட்டாக ஆகக் கூடாது. அந்தக் கேள்விக்கு மட்டும் "இன்று வேண்டாம்" என்று சொல்லும் உரிமையைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

அங்கே எப்படிப் பேசுவது என்று தயங்குகிறீர்கள். தல்மூதில் ஒரு செய்தி உண்டு. ஹில்லேல், ஷம்மாய் என்ற பழைய யூத அறிஞர்கள் இருவரின் மாணவர்களும் மூன்று ஆண்டுகள் தங்களுக்குள் வாதிட்டார்கள். இரு தரப்பின் சொல்லும் கடவுளின் சொல்லே என்றாலும், நடைமுறைக்கு ஹில்லேலின் தரப்பு ஏற்கப்பட்டது. காரணம், அவர்கள் பணிவாக இருந்தார்கள்; தங்கள் கருத்துக்கு முன்னால் எதிர்த்தரப்பின் கருத்தை எடுத்துச் சொன்னார்கள். நான் நடத்தும் குழுக்களில் இதைவிடப் பயனுள்ள விதி எதையும் கண்டதில்லை. ஒருவர் உங்களைப் புண்படுத்தும்படி பேசினால், "நீங்கள் சொல்வது இது என்று புரிந்துகொள்கிறேன், சரியா?" என்று அவர் கருத்தை அவரே ஒப்புக்கொள்ளும் வகையில் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு அது உங்களை என்ன செய்தது என்று சொல்லுங்கள். இந்த விதி உங்களுக்கு மட்டும் என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நெறியாளரின் கடமை.

கடைசியாக அந்த வாசல். ஆறு வாரம் அழகாகப் பேசிவிட்டு, அடுத்த ரோஷ் ஹஷானாவில் அதே தன்னார்வலர் உங்கள் மகளை மறுபடியும் நிறுத்தினால், அத்தனை பேச்சும் அவளுக்குப் பொய்யாகிவிடும். இது உங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. ஜூஸ் ஆஃப் கலர் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு 2021இல் வெளியிட்ட ஆய்வில், பதிலளித்த வெள்ளையர் அல்லாத யூதர் 1,118 பேரில் 80 சதவீதம் பேர் யூத இடங்களிலேயே பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பிட்ஸ்பர்க்குக்குப் பிறகு வாசலில் காவல் தேவை என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் காவலை நிறத்தை வைத்து நடத்தினால் பாதுகாப்பும் கிடைக்காது. பிட்ஸ்பர்க்கில் சுட்டவன் வெள்ளையன். எல்லோரையும் ஒரே கேள்வி கேட்கட்டும், அல்லது எல்லோரிடமும் ஒரே அட்டையைப் பார்க்கட்டும். வாசலில் நிற்பவர்களுக்கு இதில் பயிற்சி தரட்டும். குழு தொடங்கும் முன்பே ஆலய நிர்வாகக் குழு இதை எழுத்தில் தர வேண்டும் என்று கேளுங்கள். கேட்கும் கடிதத்தில் உங்கள் கணவரும் கையெழுத்திட வேண்டும். அன்று அவரை வாழ்த்தி உள்ளே அனுப்பிய வாசல் அது.

இந்த வாரம் மகளிடம் பேசுங்கள். ரபி அழைத்திருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் ஆசையைச் சொல்லாதீர்கள். அவள் "வேண்டாம்" என்றால் அந்தப் பதிலை ரபியிடம் நீங்களே சொல்லுங்கள், காரணம் எதுவும் தர வேண்டாம். "யோசிக்கிறேன்" என்றால், அவளை ஒத்த வயதில், அவளைப் போன்ற பிள்ளைகள் மட்டும் கூடும் தனிக் குழு அமைக்க முடியுமா என்று ரபியிடம் கேளுங்கள். பெரியவர்கள் முன்னால் பேசுவதற்கு முன்பு, விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஓர் இடத்தில் பேசிப் பார்ப்பது அவளுக்கு நல்லது. "போகிறேன்" என்றால், எந்த வாரத்திலும் பாதியில் எழுந்து வரலாம் என்றும், நீங்கள் வெளியே காரில் காத்திருப்பீர்கள் என்றும், வீட்டுக்கு வரும் வழியில் எதுவும் கேட்கமாட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கைக் காப்பாற்றுவதுதான் உங்களுக்குச் சிரமமாக இருக்கும்.